நொட்டாங்கையும் பதிமூன்று மார்க்கும்

நொட்டாங்கைக்காரர்களைப் பற்றி இந்த உலகம் ஒரு நாளும் கவலைப்பட்டது கிடையாது. கத்தரிக்கோல் செய்தவன் கவலைப்படவில்லை. வகுப்பறை நாற்காலியோடு எழுதும் பலகையைச் சேர்த்து அடித்தவன் கவலைப்படவில்லை. ஆஸ்பத்திரிச் சாமான் செய்தவன் இருக்கிறானே, அவன் சுத்தமாகக் கவலைப்படவில்லை. எல்லாம் சோத்துக்கைக்காரர்களுக்குத்தான். மற்றவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ள வேண்டியது.

இன்றைக்கு வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் குடல்வால், குடலிறக்கம், பித்தப்பை என்று ஆபரேஷன் செய்துவிட்டு, மாலையில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார். பெரிய பேரோ புகழோ கிடையாது. பத்திரிகையில் படம் வந்ததில்லை. இந்தக் கதை அவரைப் பற்றியது. ஆனால் அவரையே கேட்டால், "என்னைப் பத்தி என்ன இருக்கு, அவளைப் பத்தி எழுதுங்க" என்பார். அதனால் இருவரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே இந்த டாக்டரம்மா, அப்போது சின்னப் பெண், வருகைப் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்ற ஒருத்தன் "நொட்டை" என்றான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஐந்து வருஷமும் அவள் நொட்டைதான். அவள் அதற்காக முகம் சுளித்ததில்லை. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர், அம்மா சலவை நிலையத்தில் இஸ்திரி போடுபவர். இரண்டு பேருக்கும் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. அந்த வீட்டில் பெயருக்காகக் கோபித்துக்கொள்ள யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

வினை இறுதி ஆண்டில், அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போனபோது வந்தது. எட்டு வாரப் பயிற்சி. அந்தப் பிரிவின் உதவிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'பாதிச்சிரிப்பு'. வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரிக்கும், மறு ஓரம் அதை நம்பாது. அவருக்கென்று ஒரு முறை உண்டு. காலையில் தானே தையல் போட்டுக் காட்டுவார், ஒரே ஒரு தடவை. மாலையில் மாணவர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதில் ஒன்றும் புதுமை இல்லை. புதுமை மார்க்கில் இருந்தது.

"கடைசி வாரம் டெஸ்ட்," என்றார் அவர், ஜோடிகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு. "செயற்கைத் தோல்ல ஒரு வெட்டு. பத்து நிமிஷம், ஆறு தையல். இருபது மார்க். பன்னிரண்டுக்குக் கீழே போனா அடுத்த வருஷ பேட்ச்சோட மறுபடியும் எட்டு வாரம். ஆனா ஒண்ணு. உங்க ஜோடி வாங்குற மார்க்தான் உங்க மார்க். நீங்க வாங்குறது அவங்களுக்கு."

 எல்லாரும் பட்டியலைப் போய்ப் பார்த்தார்கள். நொட்டைக்கு ஜோடி மிஷின்.

மிஷின் என்பவள் அந்த பேட்ச்சிலேயே கை வேகமானவள். தையல் மிஷின் மாதிரி ஓட்டுவாள் என்றுதான் அந்தப் பெயர். நூலைப் பார்க்காமலே முடிச்சுப் போடுவாள். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே சர்ஜன் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவள். நாக்கும் கை மாதிரிதான், வேகம்.

"உனக்கு லாட்டரி அடிச்சிருக்குடி," என்றான் பேட்ச்சின் உரத்த குரல்காரன் மைக். "நீ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாலும் இருபது மார்க்."

நொட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வாரத்தில் அவள் போட்ட தையலைப் பார்த்து, "இது காயமா, கிழிஞ்ச சாக்கா?" என்று பாதிச்சிரிப்பு கேட்டிருந்தார். அவள் சொதப்பினால் ஒரு வருஷம் பின்தங்கப் போவது அவள் இல்லை, மிஷின். தன் கையால் இன்னொருத்தியின் வருஷம் போகப் போகிறது. மூலையில் மிஷின் நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப்பையில் செருகி, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பாதிச்சிரிப்பின் அறையிலிருந்து மிஷின் வெளியே வருவதை நொட்டை பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார்கள்.

"ஜோடியை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டேன்," என்றாள் மிஷின்.

"என்ன சொன்னாரு?"

"முடியாதுன்னுட்டாரு. குடுத்திருந்தா போயிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். இப்ப வேற வழி இல்ல, உன்னைத்தான் மாத்தணும். சாயங்காலம் நாலு மணிக்கு வா."

நொட்டைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் நாலு மணிக்குப் போனாள்.

அவர்கள் உட்கார்ந்தது வார்டுக்குப் பின்னால் துணி அடுக்கும் அறையில். பச்சைத் துணிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் கொட்டகை. ஒரு மேஜை, இரண்டு முக்காலி. வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, தூக்கிப்போட வைத்திருந்த மெத்தையிலிருந்து ஸ்பாஞ்சு வெட்டிக் கொடுத்திருந்தார். மிஷின் வாழைப்பழத் தோல் கொண்டுவந்தாள். தோலில் தையல் போட்டால் இழுப்பு அதிகமானதும் கிழிந்துவிடும், கைக்கு அளவு தெரியும். பழத்தை வாயில் போட்டுக்கொண்டே அவள் பாடத்தை ஆரம்பித்தாள்.

மிஷின் போட்ட முதல் திட்டம் இதுதான்: நொட்டாங்கையை மறந்துவிட வேண்டும். சோத்துக்கையால் தைக்கப் பழக வேண்டும். அஞ்சு வாரம் இருக்கிறது, மனுஷ ஜென்மத்தால் முடியாதது எது என்றாள்.

அந்த ஒரு வாரத்தை நொட்டை இன்றைக்கு நினைத்தாலும் கண்ணை மூடிக்கொள்வாள். வலது கைக்கு ஊசி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பத்துத் தையலில் ஒன்பது கோணல், ஒன்று விரலில். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனவள் அங்கேயும் வலது கையால் பட்டன் போடுவதும் வலது கையால் தலை வாருவதுமாக இருந்தாள். வகிடு காது வரை போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"கையை மாத்தறேன்ம்மா."

"அஞ்சு வயசுல நான் ஒரு வருஷம் மாத்திப் பாத்தேன். நீ திக்கித் திக்கிப் பேச ஆரம்பிச்ச. உங்கப்பா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாரு. விட்டுட்டேன். அதை அந்தப் பொண்ணு ஒரு மாசத்துல மாத்திடுவாளாமா?"

"மாத்தலேன்னா அவளுக்கு வருஷம் போயிடும்மா."

அம்மா சீப்பை எடுத்தாள். வகிட்டை நேராக்கிவிட்டாள்.

இரண்டாவது வாரம் மிஷினே திட்டத்தைக் கைகழுவினாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதை விட்டு எதிரில் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்த்துச் செய்வது போல, எதிரில் இருப்பவளின் வலது கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தன் இடது கையைக் கொண்டுபோனால் போதும். சோத்துக்கைக்காரர்கள் வெட்டின் வலது முனையில் ஆரம்பிப்பார்கள். நீ இடது முனையில் ஆரம்பி என்றாள். ஊசி தோலில் செங்குத்தாக இறங்குவது, மணிக்கட்டைச் சுழற்றுவது, இரண்டு ஓரமும் ஒரே அளவு எடுப்பது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நொட்டைக்குப் பிடிபட்டது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் வண்டி நின்றது. ஊசியைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கியை நீடில் ஹோல்டர் என்பார்கள். அதன் கைப்பிடியில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு வளையம், நடுவில் பல் பல்லாக ஒரு பூட்டு. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். திறக்க வலது கைப் பெருவிரலை லேசாகத் தள்ளினால் போதும், 'டிக்' என்று விட்டுவிடும். செய்தவன் யாருக்காகச் செய்தான் என்றுதான் முன்பே சொன்னேனே. அதே பெருவிரல் தள்ளலை இடது கையில் செய்தால் பூட்டு இன்னும் இறுகும். நொட்டை ஒவ்வொரு தையலிலும் அங்கே மாட்டிக்கொள்வாள். கையை உதறுவாள், ஊசி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

"விடு," என்பாள் மிஷின்.

"விட மாட்டேங்குது."

"தள்ளுடி பெருவிரலை. தள்ளினா விடும்."

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கு விடுது, உனக்கு ஏன் விடல? இதுல சொல்லிக்குடுக்க என்ன இருக்கு, குழந்தைகூடச் செய்யும்."

மூன்று நாள் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. மூன்றாம் நாள் நொட்டை இடுக்கியை மேஜைமேல் வைத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "வேண்டாம்டி. நான் சார்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். என் மார்க்கை எனக்கே போட்டு ஃபெயிலாக்கட்டும். உன்னை விட்டுடச் சொல்றேன்."

மிஷின் எழுந்தாள். இடுக்கியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நொட்டை பச்சைத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். துப்புரவு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து நீட்டினார். ஆபரேஷனுக்கு வைத்திருந்த நல்ல துண்டு, அதற்காக அக்காவுக்குச் சிஸ்டரிடம் வசவு விழுந்தது தனிக் கதை.

பாதிச்சிரிப்பிடம் அவள் போய்ச் சொல்லத்தான் செய்தாள். அவர் கேட்டு ஒரு ஓரத்தால் சிரித்துவிட்டு, "விதி விதிதான். போய்ப் படி" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த நாலு நாளும் மிஷின் நாலு மணிக்கு வரவில்லை. ஆனால் கண்ணில் படாமல் இருக்கவில்லை. கேன்டீனில் டீக் கோப்பையை இடது கையால் பிடித்துக்கொண்டு பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள். வார்டில் நோயாளியின் குறிப்பை இடது கையால் எழுதினாள். சிஸ்டர் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன, எறும்பு மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கு, திரும்ப எழுது" என்று திட்டினார். படிக்கட்டில் ஏறும்போது இடது கையால் பையைத் தூக்கினாள். மைக் கைதட்டி, "நொட்டை நம்பர் டூ" என்றான். மிஷின் சிரித்தாள்.

நொட்டைக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. ஐந்து வருஷமாக யார் என்ன கூப்பிட்டாலும் வராத கோபம். நேராகப் போய் நின்றாள்.

"என்னைப் பாத்தா உனக்குக் கேலியா இருக்கா?"

மிஷின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடது கையை விரித்துக் காட்டினாள். பெருவிரல் நகத்தடியில் நீலம் கட்டியிருந்தது. மோதிர விரலில் தோல் உரிந்து மருந்து நாடா சுற்றியிருந்தது. கோட்டுப் பையிலிருந்து இடுக்கியை எடுத்து, அதே இடது கையில் மாட்டி, அழுத்திப் பூட்டினாள். அப்புறம் திறந்தாள். 'டிக்'.

"பெருவிரலைத் தள்ளவே கூடாது," என்றாள். "பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து இந்த வளையத்தை அசையாமப் பிடிச்சுக்கணும். மோதிர விரல்தான் அந்த வளையத்தை எதிர்ப்பக்கம் தள்ளணும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. என் சோத்துக்கைக்கு இது எப்படிச் செய்யறோம்னே தெரியாது, அது பாட்டுக்குச் செய்யுது. தெரியாத கையை வச்சுப் பாத்தாத்தான் எங்க மாட்டுதுன்னு தெரியுது. அதான் சாப்பிடறது, எழுதறது எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டேன். கேலின்னு நினைச்சியா, லூசு."

நொட்டை அந்த நீல விரலையே பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளை இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா என்று இழுத்தவர்கள்தான் எல்லாரும். அம்மா, டீச்சர், கடைக்காரர், மிஷினும்கூட. அவள் பக்கத்துக்கு ஒருத்தி வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதுவும் விரல் நீலம் கட்ட.

"மார்க்குக்காகத்தான் பண்றேன்," என்றாள் மிஷின், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "ஓவரா உருகாதே. நாலு மணிக்கு வா."

அன்று மாலை நொட்டையின் இடுக்கி முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. 'டிக்', 'டிக்', 'டிக்' என்று சும்மா திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். துப்புரவு அக்கா வந்து, "என்ன பாப்பா, பல்லி கத்தற மாதிரி" என்று கேட்டார்.

இரண்டு பேரும் இப்போது ஒரே பக்கத்தில் உட்கார்ந்தார்கள், இரண்டு பேரும் இடது கையில். மிஷின் முதலில் ஒரு தையல் போடுவாள், கன்னாபின்னாவென்று வரும். எங்கே தவறியது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். பிறகு நொட்டை போடுவாள். பத்து நாளில் நொட்டை மிஷினைத் தாண்டிவிட்டாள், அது அவளுடைய கைதானே. சொல்லிக்கொடுத்தது ஒருவழிப் பாதையாகவும் இல்லை. மிஷின் வேகத்தில் முடிச்சைச் சுண்டி இழுத்துவிடுவாள், நூல் இறுகியது போலத் தெரியும், உள்ளே முடிச்சு தோலில் உட்கார்ந்திருக்காது. மெதுவாகத் தைத்துத் தைத்துப் பழகிய நொட்டையின் கண்ணில்தான் அது பட்டது.

"ஏய், முடிச்சு உக்காரலடி. காத்துல தொங்குது."

மிஷின் விரலால் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு ஆடியது. இத்தனை நாளும் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாளாம், வேகத்தைப் பார்த்து மயங்கி யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு மூச்சு நிறுத்தி, விரலால் கீழே இறக்கி உட்காரவைத்தாள்.

டெஸ்ட் நாள் வந்தது. நீளமான கூடம், சுவரோரம் நாற்காலிகள், நடுவில் ஒரு மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் பாதிச்சிரிப்பு, கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். ஜோடியில் ஒருவர் தைக்கும்போது மற்றவர் சுவரோரம் நின்று பார்க்கலாம். வாயைத் திறந்தால் இருவருக்கும் சுழி.

மிஷின் முதலில் போனாள். கையுறை மாட்டினாள். மைக் தன் ஜோடியிடம், "நாலு நிமிஷத்துல முடிச்சிட்டு வந்துடுவா பாரு" என்று கிசுகிசுத்தான். நொட்டைக்கும் அந்த நேரத்தில் தன்னைப் பற்றித்தான் கவலை. மிஷினின் மார்க் தனக்கு என்பதையே மறந்திருந்தாள். அதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. மிஷின் இடுக்கியை எடுத்தாள். இடது கையில் எடுத்தாள். வெட்டின் இடது முனையில் ஊசியை இறக்கினாள்.

நொட்டைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் வேண்டுமென்றே செய்கிறாளோ என்று தோன்றியது. இல்லை, மிஷினின் முகத்தில் ஒரு யோசனையும் இல்லை. மூன்று வாரமாக ஊசி என்றால் எந்தக் கை போகுமோ அந்தக் கை போய்விட்டது. தையல் மெதுவாக, லேசாகச் சாய்ந்து விழுந்தது. நொட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'கையை மாத்துடி' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இரண்டு பேரும் காலி. இரண்டாவது தையல். அதுவும் சாய்வு. ஆறு நிமிஷம் போய்விட்டது. மைக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவது தையலுக்கு ஊசியைப் பிடித்தபோதுதான் மிஷின் தன் கையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி நொட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நொட்டை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தப் பயம் மிஷினுக்காக இல்லை. அவளுடைய மார்க் நொட்டையின் கையில் பத்திரமாக இருந்தது. போகப் போவது நொட்டையின் மார்க்.

இடுக்கி வலது கைக்கு மாறியது. வெட்டின் வலது முனையிலிருந்து ஓட்டமாக ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அந்த அவசரத்திலும் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் இறக்கி உட்காரவைத்தாள். இரண்டு பக்கத் தையலும் சந்தித்த இடத்தில் தோல் லேசாகச் சுருங்கி நின்றது. கடைசி நூலை வெட்டவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பாதிச்சிரிப்பு தோலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"இந்த ரெண்டும் இடது கையா?"

"ஆமா சார்."

"நீ வலது கைதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்கு?"

 மிஷின் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள். சுவரோரத்திலிருந்து நொட்டைதான் சொன்னாள், பேசினால் சுழி என்பதையெல்லாம் மறந்து. "எனக்குச் சொல்லித்தர இடது கையில பழகினா சார். மூணு வாரமா. அதான் கை அதுவா போயிடுச்சு."

 அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சப்புறம்தான் பேசினே. தப்பிச்சே," என்றார். "ஆனா கதைக்கு மார்க் கிடையாது. தையலுக்குத்தான் மார்க். அடுத்தது நீ, வா."

நொட்டை போய் உட்கார்ந்தாள். தான் பாஸா ஃபெயிலா என்று தெரியாது, அது முடிந்துபோன விஷயம். கையில் இருப்பது மிஷினுடைய மார்க் மட்டும்தான். இவளுக்கு நான் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு இடது முனையில் ஊசியை இறக்கினாள்.  பூட்டு ஆறு தடவையும் 'டிக்' என்று திறந்தது.

மாலையில் மார்க் சுவரில் வந்தது. மிஷின் பெயருக்கு நேரே பதினேழு. நொட்டை பெயருக்கு நேரே பதிமூன்று. இரண்டு பேரும் பாஸ்.

நொட்டை அவளைக் கட்டிக்கொண்டாள். மிஷின் கல் மாதிரி நின்றாள்.

"உன் மார்க்கை நான் தின்னுட்டேன்டி," என்றாள். "இருபது வாங்கியிருக்கணும். சோத்துக்கை எதுன்னே மறந்துபோச்சு. எந்த முட்டாளாவது இப்படிப் பண்ணுவாளா?"

நொட்டை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மிஷின் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நன்றி என்று வாயெடுத்தாலே, "மார்க்குக்காகத்தான் பண்ணேன், அதையும் ஒழுங்காப் பண்ணல" என்று எழுந்து போய்விடுவாள். அதனால் அந்த வார்த்தையை நொட்டையால் சொல்ல முடியாமலே படிப்பு முடிந்துவிட்டது. வீட்டில் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த வயித்துல பொறந்த பொண்ணோ, நல்லா இருக்கணும்" என்றாள். அப்பா மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு வீட்டு லிஃப்ட் ரிப்பேரானா சொல்லு" என்றார். மிஷின் வீட்டுக்கு மாடியே கிடையாது.

மிஷின் படிப்பு முடித்த மறுவருஷமே எலும்பு சர்ஜரி மேற்படிப்புக்குப் போய்விட்டாள். நொட்டை ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, பொது அறுவை சிகிச்சைக்கு விண்ணப்பித்தாள். அங்கேதான் அந்தப் பதிமூன்று மறுபடி வந்து நின்றது. நேர்காணலில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மார்க் பட்டியலை விரலால் தட்டினார்.

"மத்ததெல்லாம் பதினாறு, பதினேழுன்னு இருக்கு. தையல் டெஸ்ட்ல மட்டும் பதிமூணு. கை வேலையில குறைஞ்ச மார்க் வாங்கிட்டு சர்ஜரி கேக்கறீங்க. என்ன பண்ணலாம் சொல்லுங்க."

எத்தனையோ பேர் எத்தனையோ சாக்குச் சொல்லியிருப்பார்கள். நொட்டை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஜோடி மாற்றக் கேட்டது, நீலம் கட்டிய பெருவிரல், இடது கையால் விழுந்த இரண்டு தையல், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது, ஓரத்தில் இருந்த வயதான பெண் சர்ஜன் கேட்டார்.

"அப்ப இந்தப் பதிமூணு உங்களோடது இல்லை?"

"இல்லீங்க மேடம். என்னோடது பதினேழு, அது அவ பட்டியல்ல இருக்கு. ஆனா இதைத் திருத்தித் தர்றோம்னு சொன்னாலும் எனக்கு வேண்டாம். அந்த ரெண்டு தையல் இல்லேன்னா நான் இந்த நாற்காலிக்கே வந்திருக்க மாட்டேன். இதுல குறைஞ்ச ஏழு மார்க்கும் அவ எனக்காக இழந்தது."

நடுவில் இருந்தவர் பட்டியலை மூடிவிட்டு, மேஜைமேல் நூலையும் ஸ்பாஞ்சையும் வைத்தார். தைத்துக் காட்டினாள். மூன்று வாரம் கழித்து இடம் கிடைத்தது என்று கடிதம் வந்தது.

வாசலில் நின்றபடியே மிஷினுக்குத்தான் முதலில் போன் போட்டாள். அம்மாவுக்குக்கூட அப்புறம்தான்.

"எனக்கு சர்ஜரி கிடைச்சிருச்சுடி."

"பதிமூணு மார்க்கை வச்சுக்கிட்டா? எப்படிடி குடுத்தாங்க? கேக்கலியா அவங்க?"

"கேட்டாங்க. நீ போட்ட ரெண்டு தையலைப் பத்திச் சொன்னேன்."

 அந்தப் பக்கம் பின்னால் யாரோ டாக்டரைக் கூப்பிடுவது கேட்டது, சக்கர நாற்காலி உருளுவது கேட்டது.

"அது ரெண்டும் கோணல்டி," என்றாள் மிஷின் கடைசியில்.

"கோணல்தான். எனக்காக யாரும் அதுவரைக்கும் ஒரு கோணல் தையல்கூடப் போட்டதில்ல. தேங்க்ஸ்டி. இந்தத் தடவை போனை வச்சிட்டு ஓடாதே, கேட்டுக்கோ. உன்னாலதான். தேங்க்ஸ்."

மிஷின் ஓடவில்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அழறியா?"

"கண்ணைத் தொடைக்கிறேன்."

"எந்தக் கையால?"

"நொட்டாங்கையாலதான்," என்றாள் மிஷின். "சோத்துக்கையில போன் இருக்கு."